ஜெயமங்கலத்தில் ஒரு 'டொக்'!

பெரியகுளத்தில் கிளம்பி வடுகபட்டி, மேல்மங்கலம் தாண்டினால் ஜெயமங்கலம். வழியெல்லாம் வயலும் வாழையும். ரசிக்க விட்டால்தானே! நண்பர் தன் ஜீப்புக்கு, பாரம் தாங்கட்டும் என்று பின்பக்கம் கூடுதலாக ஆளுக்கொரு பட்டை போட்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'டொக்'. மறுநாள் அதே வண்டி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறவேண்டும்!

ஊருக்குள் ஒரு மெக்கானிக், "கிறீச்சுங்குதாண்ணே, டொக்குங்குதா?" என்றார் டாக்டர் தோரணையில். கிறீச் என்றால் பட்டையும் பட்டையும் உரசல், கிரீஸோடு போச்சு. டொக் என்றால் எதுவோ ஆடுகிறது. வண்டியைக் குலுக்கச் சொல்லிவிட்டு ஷேக்கிளில் கைவைத்தார். புஷ் கெட்டி. யூ போல்ட்டில் ஸ்பேனர் போட்டார். நட்டு முக்கால் சுற்று சுலபமாகத் திரும்பியது.

"பாரம் ஏறுனா புதுப்பட்டை படியும்ணே. படிஞ்சா போல்ட்டு லூசாகும். ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க, திரும்ப முடுக்கணும்னு சொல்லியிருப்பாகளே?"

சொல்லவில்லை, மாட்டிவிட்ட மகராசர்கள்! இப்படியே ஓடினால் சென்டர் போல்ட் ஒடிந்து, அச்சே இடம் மாறிவிடுமாம். கொண்டை ஊசி வளைவில், பத்துப் பேரோடு! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சக்கரம் தரையில் நிற்கும்போதே நாலு யூ போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினார். டொக் போச்சு. அதுவரை கேட்காத கதவு லொடலொடப்பு கேட்க ஆரம்பித்தது. "அது பரம்பரைச் சொத்து, கைவைக்காதீங்க" என்றார் நண்பர்.