நரசிங்கபுரம் தெரு மாடியில் ஒரு பழைய சிபியு

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்ததுமே, "என்ன சார் பாக்குறீங்க? லேப்டாப்பா, சிசிடிவியா?" என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நரசிங்கபுரம் தெருவுக்கு வந்து, குறுகலான ஒரு மாடிப்படியில் ஏறினோம். என் கையில் ஒரு சிபியு. வியாசர்பாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும், உடன் வந்திருந்த தோழி, பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. ஓடும் என்று வியாபாரி சொல்லவில்லை, ஓடாது என்றும் சொல்லவில்லை. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

மாடி அறையில் சுவரோரமாக ஆளுயரத்துக்குப் பழைய சிபியுக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் அலுவலகங்களில் இருந்தவை. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனங்கள் மொத்தமாக இயந்திரங்களை மாற்றும்போது, கழித்துவிட்டவை லாட் லாட்டாக இங்கே வந்து சேர்கின்றன. "இதுல முக்கால்வாசி கெட்டுப்போய் வந்தது இல்ல சார். கம்பெனி கணக்குல வயசு முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்" என்றார் மெக்கானிக் அண்ணன்.

எங்கள் பெட்டியும் அந்த இனம்தான். இன்டெல் கோர் ஐ5-3470 பிராசசர், 2012-ல் வந்தது. நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். பிள்ளைகள் கட்டுரை தட்டச்சு செய்யவும், பாடக் காணொளி பார்க்கவும், கணக்குப் போட்டுப் பழகவும் இது தாராளம். அலுவலக மாடல் என்பதால் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே பக்கவாட்டு மூடியைக் கழற்ற முடிந்தது. உள்ளே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது.

அவர் அதை உடனே ஊதிவிடவில்லை. பெட்டியைப் பால்கனிக்கு எடுத்துப்போய், பிராசசர் விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ப்ளோயரை வைத்தார். பிடிக்காமல் ஊதினால் விசிறி கண்மண் தெரியாமல் சுற்றி பேரிங் போய்விடுமாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் காற்றுத் துளையில் வெளியிலிருந்து ஊதியதோடு சரி, அதைத் திறக்கவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். வீட்டில் பழுது பார்க்க விரும்புகிறவர்கள் மற்ற எதைத் தொட்டாலும் இந்த ஒரு பெட்டியைத் திறக்கக் கூடாது.

அடுத்து மல்டிமீட்டர். மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சின்னக் கம்பியால் இணைத்தார். எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடத் தொடங்கியது. மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வர வேண்டும். ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். மூன்றும் சரியாக இருந்தன. "பவர் நல்லா இருக்கு. அப்போ ரேம்தான்" என்றபடி மேசை டிராயரைத் திறந்து அவர் எடுத்தது பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர்.

நான் மிகவும் ரசித்துப் பார்த்த வேலை இதுதான். ரேமின் அடி விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறத் தகடுகள் மங்கிப்போயிருந்தன. சென்னைக் காற்றின் ஈரமும் தூசியும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். ரேமை இரு ஓரங்களிலும் பிடித்துக்கொண்டு, ரப்பரை ஒரே திசையில் மெதுவாக இழுத்தார். அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். ரப்பர் கறுத்தது, தகடு பளிச்சென்று ஆனது. துகள்களைப் பிரஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டையும் ஊதிவிட்டு, இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினார். 24 பின் கனெக்டரைத் திரும்பச் செருகிப் பட்டனைத் தட்டியதும் திரை வெளிச்சமானது.

தோழிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இவ்வளவுதானாண்ணே?" என்றாள்.

"இரும்மா, டேட்டைப் பாரு" என்றார். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் நாணயம் அளவுக்கு இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் 2-ஐக்கூடத் தொடவில்லை. தேதி தவறினால் என்ன என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிரவுசர் ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழையும் இன்றைய தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடும். தேதி பின்னால் இருந்தால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கைதான் வரும். நெட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவோம். சில பத்து ரூபாய் பேட்டரியோடு முடிகிற சங்கதி.

பிறகு ஹீட் சிங்கைக் கழற்றினார். பிராசசர்மீது தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொடிந்திருந்தது. பிராசசரின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது இந்தப் பேஸ்ட்தான். காய்ந்துவிட்டால் இடையில் காற்று புகுந்துகொள்ளும், சூடு கடக்காது. 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அளவுக்குச் சூடேறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். 'பழைய கம்ப்யூட்டர், அப்படித்தான் இழுக்கும்' என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி இந்தக் காய்ந்த பேஸ்டின் வேலை. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினார்.

இழுப்பதற்கு மீதிக் காரணம் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு அது. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. வேண்டிய தகவல் முள்ளுக்குக் கீழே வரும்வரை மற்ற எல்லாம் காத்துக் கிடக்கும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவர் பழைய டிஸ்க் இருந்த கேபிளில் அதைச் செருகாமல், மதர்போர்டில் வேறு நிறத்தில் இருந்த சாட்டா போர்ட்டைத் தேடிச் செருகினார். அந்தக் காலத்து போர்டுகளில் ஒன்றிரண்டு போர்ட்டுகளுக்குத்தான் நொடிக்கு 6 கிகாபிட் வேகம். மற்றவை அதில் பாதி.

பழைய டிஸ்க்கில் யாரோ ஒரு அலுவலகத்தின் கோப்புகள் அப்படியே கிடந்தன. ஃபோல்டர் பெயர்களைப் பார்த்ததுமே அவர் அந்த விண்டோவை மூடினார். "நமக்கு எதுக்கு சார் அடுத்தவங்க கணக்கு" என்று, முதல் செக்டாரிலிருந்து கடைசிவரை பூஜ்யம் எழுதும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். டெலீட் செய்தாலும், மேலோட்டமாக ஃபார்மட் செய்தாலும் தகவல் போகாது. கணினியைக் கழிக்கும் நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை இந்த மாடியில் ஒருவர் யாரும் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறார்.

இந்தப் பெட்டியை உண்மையில் குப்பைக்கு அனுப்பப் பார்த்தது தூசியோ ரேமோ அல்ல. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். நம்முடையது மூன்றாம் தலைமுறை. நன்றாக ஓடும் இயந்திரங்கள் லட்சக்கணக்கில் இப்படித்தான் ஓரங்கட்டப்படுகின்றன. 2022-ல் மட்டும் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வருவது 22.3 சதவீதம்தான். மென்பொருள் தேதி முடிந்ததற்காக வன்பொருளைக் கழிக்கச் சொல்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

விண்டோஸுக்குப் பதிலாக அண்ணன் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினார். இலவசம். இதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டி ஒலி, வலைத்தொடர்பு, யுஎஸ்பி எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டார். ரேம் 4 ஜிபியாக இருந்தது. டிராயரிலிருந்து இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 எடுத்து, முதலாவதோடு ஜோடி சேரும் ஸ்லாட்டில் போட்டார். டிடிஆர்4 ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், இதில் ஏறாது. ஆன்லைனில் பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

தோழி கேட்டது ஒன்றே ஒன்று: தமிழில் அடிக்க முடியுமா? தட்டச்சுக்கான ஐபஸ் பொதியில் தமிழ்99 இருந்தது. தமிழக அரசு 1999-ல் ஏற்ற விசைப்பலகை முறை. அவள் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் பெயரை அடித்தாள். எழுத்து உடையாமல் வந்தது. கூடவே லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் இருப்பதைப் பார்த்ததும், அடுத்த வாரப் பாடத்தை அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

வைஃபை மட்டும் இல்லை. அலுவலக மாடல்களில் அது பெரும்பாலும் இருக்காது. லினக்ஸில் எல்லா வைஃபை டாங்கிளும் வேலை செய்யாது என்பதால், தனியாக டிரைவர் கேட்காத டாங்கிள் ஒன்றின் பெயரை அவரே எழுதிக் கொடுத்தார். அதுவரை போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கூலியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது தோழி சுவரோர அடுக்கைக் காட்டி, "அண்ணே, இதே மாடல்ல இன்னும் ரெண்டு எடுத்து வைங்க" என்றாள். மானிட்டர் விஜிஏ போர்ட் உள்ளதாக இருந்தால் போதும், தனியே வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம்.