மூடுபனிக் கரையோரம் ஒரு நாள்

கனடா என்றதும் எம்மவர்க்கு முதலில் ரொறன்ரோவும் ஸ்காபரோவும்தான் நினைவுக்கு வரும். 2023ஆம் ஆண்டு கோடையில் லண்டனில் இருந்து நாங்கள் நால்வர் போனது அங்கல்ல. கனடாவின் கிழக்குக் கடைக்கோடியில் அத்திலாந்திக் கடலுக்குள் கிடக்கும் நியூபவுண்ட்லாந்துத் தீவுக்குப் போனோம். முந்திய வருடம் உக்ரேனியக் குடும்பங்கள் விமானம் விமானமாக அங்கே வந்திறங்கியிருந்தன. தலைநகர் சென்ற் ஜோன்ஸில் ஆறு கிழமை தொண்டு வேலை செய்தோம். தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் உடுப்புகளைத் தரம் பிரித்தோம், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தோம், பெரியவர்களோடு இருந்து படிவங்கள் நிரப்பினோம். படிவம் நிரப்புவதில் எமக்கு எவ்வளவு பழக்கம் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊருக்குத் திரும்ப முந்திய சனிக்கிழமை ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். எங்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். ஓட்டம் அவருடையது. பக்கத்தில் அக்கா, மடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் முட்டை சான்ட்விச்சும். பின்னால் மற்ற இருவர். அதில் இளையவ லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவ.

சென்ற் ஜோன்ஸில் இருந்து தெற்கே கரையோடு போகும் பத்தாம் இலக்க வீதி அது. ஐரிஷ்காரர் வந்து குடியேறிய ஊர்கள். அவர்கள் பேச்சில் அந்த இழுவை இன்னும் போகவில்லை. விற்லெஸ் பேயில் படகு எடுத்துப் போய் பஃபின் பறவைகளைப் பார்த்தோம். கிளிமூக்குப் போலச் சிவந்த அலகு, கொழுத்த உடம்பு. வட அமெரிக்காவிலேயே இவற்றின் ஆகப்பெரிய கூட்டம் அங்குள்ள தீவுகளில்தான் கூடு கட்டுகிறது. ஃபெரிலாண்டில் 1621இல் ஆங்கிலேயர் தொடங்கிய குடியிருப்பைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்தோம். ஆனால் எங்கள் மனம் அதில் நிற்கவில்லை. நாங்கள் போக நினைத்தது சென்ற் ஷொற்ஸ்.

போகும் வழியில் பல ஊர்களில் வர்ணம் பூசிய மரவீடுகள், பூட்டிய கதவுகள். 1992 யூலை 2ஆம் திகதி கனடிய அரசு கொட் மீன்பிடியை நிறுத்தியது. மீன் அழிந்துகொண்டிருந்ததால் வேறு வழியிருக்கவில்லை. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். இளையவர்கள் வேறு மாகாணங்களுக்குப் போய்விட்டார்கள். 2024இல் வணிக மீன்பிடியைச் சிறிய அளவில் மீண்டும் திறந்தார்கள். போனவர்கள் எத்தனை பேர் இனித் திரும்புவார்கள்? மயிலிட்டியையும் பருத்தித்துறையையும் தெரிந்தவர்களுக்கு வெறுமையாய்க் கிடக்கும் துறை எப்படியிருக்கும் என்று விளங்கும்.

ட்ரெபாசியைத் தாண்டியதும் மரங்கள் முடிந்தன. பாசியும் கல்லும் சதுப்பும்தான். பிறகு மூடுபனி. வடக்கே இருந்து வரும் குளிர் நீரோட்டமும் தெற்கே இருந்து வரும் சூடான நீரோட்டமும் இந்தக் கடலில்தான் முட்டிக்கொள்கின்றன. அதனால் உலகிலேயே மூடுபனி கூடின கரைகளில் இதுவும் ஒன்று. அண்ணை நடந்து போகிற வேகத்தில்தான் ஓட்டினார். வீதியோரத்தில் கரிபு மான் இரண்டு புகைக்குள் இருந்து வந்து மறைந்தன.

சென்ற் ஷொற்ஸ் ஒரு சின்னஞ்சிறிய ஊர். காரை நிறுத்தி இறங்கினோம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, இந்தக் கரைக்கு அப்பால், இதே போன்ற மூடுபனிக்குள், கஸ் டால்ற்றன் என்ற மீனவர் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். அவற்றுக்குள் எங்கள் ஆட்கள் 155 பேர் நெருக்கியடித்து இருந்தார்கள். மேற்கு ஜேர்மனியில் இருந்து ஒரு சரக்குக் கப்பல் அவர்களை ஏற்றி வந்து நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. டால்ற்றன் தன் படகில் ஏற்றக்கூடியவர்களை ஏற்றி, வானொலியில் உதவிக்குக் கூப்பிட்டார். வேறு மீன்பிடிப் படகுகளும் வந்தன. சென்ற் ஜோன்ஸ் பல்கலைக்கழக விடுதியில் படுக்க இடமும் சாப்பாடும் கிடைத்தன.

"ஆனா அவை முதல்ல இந்தியாவில இருந்து வந்ததெண்டு பொய் சொன்னவை, என்ன?" என்று இளையவ கேட்டா. குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. எங்கேயோ வாசித்திருக்கிறா.

சொன்னதுதான். சில நாட்களிலேயே உண்மை வெளியே வந்தது. திருப்பி அனுப்பு என்று கனடாவில் பலர் கோபப்பட்டார்கள். பிரதமர் பிரையன் மல்ரோனி அனுப்ப மறுத்தார். ஒரு வருடம் தங்கி வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

அண்ணை கடல் பக்கம் பார்த்தபடி நின்றார். "நான் 89இல லண்டனுக்கு வரேக்க ஏஜென்ற் ஒரு பாதை சொல்லித் தந்தவன். அதைத்தான் நானும் சொன்னனான். வந்த பாதை வேறை. பயம், பிள்ளை. உண்மையைச் சொன்னா வந்த நாட்டுக்கே திருப்பிவிடுவாங்கள் எண்டு நினைச்சது. பிறகு சரியான வழக்கறிஞர் ஒருத்தர் கிடைச்சு, நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுக்கும் மட்டும் எனக்கு நித்திரை இல்லை. இவவுக்குக்கூடச் சொல்லேல்லை."

"எனக்கு எப்பவோ தெரியும்," என்றா அக்கா, பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தபடி. "நித்திரையில கதைக்கிறனீங்கள்."

சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் தொண்டு நிலையத்துக்கு வரும் ஒரு பெடியன் எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலைப் பாடமாக ஒப்புவிப்பான். அவன் நினைவு எங்கள் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும்.

நாய் ஒன்றோடு வந்த கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். எங்கிருந்து வந்தோம் என்று கேட்டார். லண்டன் என்றோம். தலையாட்டினார். அதற்கு முன்பு எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது போலும். கையை நீட்டிப் பனிக்குள் ஒரு திசையைக் காட்டி, "அந்தப் பக்கம்" என்றார். நாங்கள் எதைப் பார்க்க வந்தோம் என்று நாங்கள் சொல்லவேயில்லை.

2016இல் காப்பாற்றப்பட்டவர்களில் சிலர் முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து டால்ற்றனைச் சந்தித்தார்கள். அந்தப் படங்களை இளையவ தொலைபேசியில் தேடிப் பார்த்தா, தொடர்பு கிடைக்கவில்லை. (போக நினைக்கும் வாசகர்களுக்கு: அந்தப் பகுதியில் பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது, பெற்றோல் நிலையங்களும் குறைவு. இருட்டினால் மூஸ் மான்கள் வீதிக்கு வரும். பகலிலேயே திரும்பிவிடுங்கள்.)

திரும்பும் வழியில் ஒரு கடையில் உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன் வாங்கினோம். அக்கா மணந்து பார்த்துவிட்டு, கருவாட்டுக் குழம்புக்குக் காணும் என்றா. கார்க் கண்ணாடியைத் திறக்கவிடாமல் பனி. அந்த மணத்தோடேயே இரண்டரை மணித்தியாலம் ஓடி வந்தோம்.