மலை இல்லாத சீமையில் மலைவாசிகள்

திருச்சியிலிருந்து தெற்கு நோக்கி ரயிலில் வருகிறவர்களுக்குப் புதுக்கோட்டைச் சீமை தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் விதமே தனி. செம்மண் பொட்டல், நடுநடுவே ஒரு கண்மாய், பிறகு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் ஒரு மொட்டைப் பாறை. நார்த்தாமலை, குடுமியான்மலை என்று பெயர்கள் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் நீலகிரியைக் கண்ட கண்ணுக்கு அவை குன்றுகளே. சித்தன்னவாசலில் சமண முனிவர்கள் படுத்து உறங்க அந்தக் குன்று போதுமானதாயிருந்தது. ஒரு மலைஜாதியார் குடியேறித் தினை விதைத்து வாழ அங்கே இடம் ஏது?

இந்தப் பிரயாணத்தில் எங்கள் மடியில் ஒரு தேசப்படம் விரித்திருந்தது. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி, பழங்குடி மக்கள் எங்கெங்கே எவ்வளவு வசிக்கிறார்கள் என்று வர்ணம் தீட்டிக் காட்டும் படம் அது. பாரத தேசத்தில் அவர்கள் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு எட்டரைப் பேருக்குச் சற்று அதிகம். இந்த எட்டரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தூவப்பட்டிருக்கவில்லை. குஜராத்தின் கிழக்கு ஓரத்திலும் ராஜஸ்தானத்தின் தெற்கிலும் பில்லர்களோடு தொடங்கி, மத்தியப் பிரதேசத்துக் கோண்டர்கள் வழியாக, ஜார்க்கண்டுச் சந்தாலர்கள் வரையில் தேசத்தின் இடுப்பில் கட்டிய கச்சையைப் போல் ஒரு வர்ணப் பட்டை ஓடுகிறது. வடகிழக்குக் கோடியில் மிஜோரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் பழங்குடியினர். பஞ்சாபிலும் ஹரியானாவிலுமோ சர்க்கார் ஜாபிதாவில் ஒரு குடியின் பெயர்கூடக் கிடையாது. ஏரும் படையும் சுலபமாக நடந்த சமவெளிகளில் படம் வெளுத்திருக்கிறது; அவை ஏறச் சிரமப்பட்ட மேடுகளிலும் காடுகளிலும் நிறம் நின்றிருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. சோட்டா நாகபுரியில் உள்ள ஓராவோன் மக்களின் குருக் மொழி நம் மொழிக்கு உறவு. பல்லுக்கு அவர்கள் சொல்லும் சொல்லைக் கேட்டால், நம் வீட்டுக் குழந்தைகூடப் புரிந்துகொண்டு வாயைத் திறந்து காட்டும்!

நம் ராஜ்யத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர்தான். தோடரையும் கோத்தரையும் படத்தில் பார்த்தாவது எல்லோரும் அறிவார்கள். ஆனால் தொகையில் பெரியவர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், ஜவ்வாது மலைகளில் வாழும் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கொச்சியை நினைத்துவிட வேண்டாம். இவர்கள் மலையை ஆளும் தமிழர்கள். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் ஐதிகம்.

புதுக்கோட்டை ஜில்லா இருக்கவேண்டிய இடத்தில் படம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆயிரம் பேருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

அந்த வெள்ளையை நம்பிக்கொண்டே ஊருக்குள் போனோம். பஸ் நிலையத்தில் இறங்கி இரண்டு நிமிஷம் ஆகியிராது. "ஊசி பாசி வாங்குங்க சாமி!" என்று ஒரு குரல். கழுத்து நிறைய மணி, இடுப்பில் குழந்தை, தரையில் விரித்த துணியில் பாசி மாலைகள். அருகில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்த புருஷனிடம் அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். அது தமிழன்று, தெலுங்குமன்று. வாக்ரிபோலி என்னும் அந்தப் பாஷை குஜராத்திக்குச் சொந்தம். எங்கள் படத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த வர்ணம், தென்கோடி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எங்களைச் 'சாமி' என்று அழைத்துக்கொண்டிருந்தது!

நரிக்குறவர் நம் ஊர்களுக்குப் புதியவர்கள் அல்லர். அப்படியிருக்கப் படம் ஏன் அவர்களைக் காட்டவில்லை? சர்க்கார் கணக்கில் அவர்கள் அன்று பழங்குடிகள் அல்லர் என்பதுதான் காரணம். 1965-இல் லோகூர் கமிட்டி அவர்களைச் சேர்க்கலாம் என்று சிபாரிசு செய்தது. 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. தொழில் உடனே போயிற்று. சிபாரிசு மட்டும் 57 வருஷம் காத்திருந்தது. 2022 டிசம்பரில்தான் பார்லிமெண்டின் இரு சபைகளும் மசோதாவை நிறைவேற்றி, நரிக்குறவரையும் குருவிக்காரரையும் ஜாபிதாவில் ஏற்றின.

"இப்போ பொண்ணுக்குச் சர்டிபிகேட் வாங்கியாச்சு சாமி. பள்ளிக்கூடம் போகுது" என்றாள் அந்த அம்மாள். தன் காலத்தில் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லையாம். மாலையின் விலையில் நாங்கள் பேரம் பேசவில்லை. பேசியிருந்தாலும் ஜயித்திருப்போமா என்பது சந்தேகம்.

ஜாபிதாவில் இன்னொரு விநோதமும் உண்டு. 1976-ஆம் வருஷத்துத் திருத்தப்படி, 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் சில ஜில்லாக்கள் குறிக்கப்பட்டன. தர்மபுரி, சேலம், திருச்சி, வட தென் ஆர்க்காடுகள் - நியாயந்தான். அவற்றோடு புதுக்கோட்டையும் இருக்கிறது! இந்தச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் கலந்தது. 1974 ஜனவரியில் தனி ஜில்லாவாயிற்று. பச்சைமலை திருச்சியோடு நின்றுவிட்டது. பிரிந்துபோன பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீதனமாக மலைவாசிகளின் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சீதனம் யாருக்கும் பாதகமில்லை. பாதகம் மேற்கே இருக்கிறது. ஈரோடு ஜில்லாவில் பர்கூர், கடம்பூர் மலைகளில் அதே மலையாளிகள் மெய்யாகவே வசிக்கிறார்கள். 1976-இல் அந்த மலைகள் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தன. கோயமுத்தூரின் பெயர் அந்த வரிசையில் இல்லை. ஆகவே சேலத்து மலையில் பழங்குடியாக இருப்பவரின் உறவினர் பர்கூரில் பழங்குடி அல்லர். இருவர் வீட்டிலும் ஒரே குலதெய்வம், ஒரே பேச்சு. ஆனால் பிள்ளைகளின் படிப்புச் சலுகையும் உத்தியோகமும் வேறு. 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்திலும் அவர்கள் சேரவில்லை.

2021-இல் எடுத்திருக்க வேண்டிய ஜனக் கணக்கும் உரிய காலத்தில் எடுக்கப்படவில்லை. ஆகையால் எங்கள் கையிலிருந்தது பழைய படந்தான். திரும்புகாலில், ரயில் கீரனூரைத் தாண்டியபோது அதை மறுபடி விரித்தோம். வாங்கிய பாசிமாலையிலிருந்து கழன்ற ஒரு சிவப்பு மணி, மடிப்பில் உருண்டுபோய்ப் புதுக்கோட்டையின் மேல் நின்றது. எடுக்க மனம் வராமல் அப்படியே மடித்து வைத்துக்கொண்டோம்.