சேம்பரைக் கழற்றாமல் விட்டேன்

ஒரு வாகன் ஆர் காரின் இன்ஜின் என்னால் கெட்டது. என்னால்தான் என்று தெரிந்த பிறகும் பழியைக் காரின் சொந்தக்காரர் மேல் போட்டேன். தொழில் என்றால் தவறு நடக்கத்தான் செய்யும் என்று சக மெக்கானிக்குகள் ஆறுதல் சொல்கிறார்கள். தவறோடு நின்றிருந்தால் அந்த ஆறுதலை நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் நான் பொய் சொன்னேன். பொய்க்குக் கூலியும் வாங்கினேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பூந்தமல்லிப் பக்கம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. இரண்டு கார் நிற்கும் இடம், உதவிக்கு ஒரு பையன். அந்த வாகன் ஆர்க்காரர் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பவர். பின் சீட்டை மடக்கிப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை தினமும் போய்வருவார். கார் நின்றால் அன்றைக்கு அவருக்கு வருமானமும் நிற்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜினிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது, ஓரிரு நொடியில் அடங்கிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அது என்ன சத்தம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். 2010இல் வந்த வாகன் ஆரிலும் ஆல்டோ கே10இலும் இருப்பது மாருதியின் கே10பி இன்ஜின். 998 சிசி, 3 சிலிண்டர், 12 வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பது டைமிங் செயின். செயின் இழுத்துப்போச்சு என்று நாங்கள் சொல்வோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்களும் அவை உட்காரும் துளைகளும் தேய்கின்றன. ஒரு மூட்டில் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தேய்ந்தாலே, நூறு மூட்டுள்ள செயின் இரண்டு மில்லிமீட்டர் நீண்டுவிடும். அந்தத் தொய்வை வாங்கிக்கொள்ள டென்ஷனர் இருக்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், ஆயில் அழுத்தத்தில் வெளியே நீளும் ஒரு பிளஞ்சரும். பிளஞ்சர் கைடைத் தள்ளும், கைடு செயினைத் தள்ளும். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். காலையில் அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து அடித்துக்கொள்ளும்.

ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில்தான் இது சீக்கிரம் வருகிறது. அழுக்கேறிய ஆயில் பின்களை அரம்போலத் தேய்க்கும். இதைச் சொல்லி, கவரைத் திறந்து பார்த்துவிடலாம் அண்ணே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி அனுப்பினேன். அந்த இன்ஜினுக்கு வேண்டியது 5டபிள்யூ-30 போன்ற லேசான ஆயில். கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் காலையில் டென்ஷனருக்கு இன்னும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். நோயைத் தெரிந்துகொண்டே மறைத்தேன். என் தவறு அங்கே தொடங்கியது.

மறுபடி அவர் வந்தபோது சத்தம் அடங்கவே இல்லை. ஐடிலிங்கிலேயே கேட்டது. நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் செயின் கவர்மேல் வைத்துப் பிடியில் காதை வைத்தேன். டென்ஷனர் எட்டும் தூரத்தைச் செயின் தாண்டிவிட்டது, அல்லது கைடின் பிளாஸ்டிக் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் ஒருநாள் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். இனித் தள்ளிப்போட முடியாது என்று சொன்னேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டார். வேறு பட்டறைக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில் குறைத்துச் சொல்லிவிட்டேன். செயின், டென்ஷனர், இரண்டு கைடு, பல்சக்கரங்கள் என்று முழு செட்டும் வாங்கினால் நான் சொன்ன தொகையில் எனக்குக் கூலியே மிஞ்சாது. ஜி.பி. ரோடுக்குப் போய்ச் செயின் மட்டும் வாங்கினேன்.

டிரைவர் பக்கச் சக்கரத்தைக் கழற்றி, இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, மவுண்டிங்கை எடுத்து, கிராங்க் புல்லியைக் கழற்றி, டாப்பெட் கவரைத் தூக்கி, கடைசியில்தான் செயின் கவர். கவரின் அடி விளிம்பு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பரின்மேல் உட்கார்ந்திருக்கும். முறைப்படி சேம்பரை இறக்கிவிட்டுத்தான் கவரை எடுக்க வேண்டும். நான் கவரோடு சேரும் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, பழைய பேஸ்ட்டைப் பிளேடால் அறுத்து, கவரை உருவி எடுத்தேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதை எனக்குச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

கவரை எடுத்ததும் கைடின் கீழ்முனையில் ஒரு துண்டு இல்லாததைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். அந்தத் துண்டு போகக்கூடிய இடம் ஒன்றுதான்: கீழே, சேம்பருக்குள்.

நான் தொழில் பழகியது பெல்ட் வண்டிகளில். மாருதி 800, ஜென், சான்ட்ரோ எல்லாவற்றிலும் டைமிங் பெல்ட்தான். பெல்ட் இன்ஜினுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் உலர்ந்து ஓடுகிறது. அங்கே எது பிய்ந்து விழுந்தாலும் கடைசியில் தரையில்தான் கிடக்கும், கூட்டித் தள்ளிவிடலாம். செயின் இன்ஜினுக்கு உள்ளே, ஆயிலில் நனைந்துகொண்டு ஓடுகிறது. அங்கே விழுவதெல்லாம் இன்ஜின் குடிக்கிற ஆயிலில் விழுகிறது. பம்ப் அந்த ஆயிலை உறிஞ்சும் வாயில் ஒரு வலை இருக்கிறது, ஸ்டிரெய்னர். ஆயில் ஃபில்டர் பம்புக்கு அடுத்துதான் வருகிறது. எனவே துண்டுகள் ஃபில்டர் வரைக்கும் போவதேயில்லை. வலையில் ஒட்டிக்கொண்டு ஆயிலின் வழியை அடைக்கும். எத்தனை தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினாலும் அவை அங்கேயேதான் இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெல்ட் வண்டியில் பழகிய கை, கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் துடைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டது. கையை நான் தடுக்கவில்லை. சேம்பரை இறக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், சைலன்சர் பைப்பை நகர்த்த வேண்டும், நான் சொன்ன கூலியில் அது வராது. இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடியது.

உடைந்த கைடுக்குப் பதில் வேறொரு பழைய இன்ஜினிலிருந்து எடுத்து வைத்திருந்த கைடைப் போட்டேன். டென்ஷனரை விரலால் அழுத்திப் பார்த்து, பின் குத்தி, அதையே திரும்ப மாட்டினேன். கவர் விளிம்பில் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாக இழுத்தேன். ஆயில் ஒழுகினால் ஆள் திரும்ப வந்துவிடுவார் என்ற பயம். அதிகமாக வைத்த பேஸ்ட் வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். பில்லில் ‘செயின் செட்’ என்று எழுதினேன்.

டைமிங் மார்க் எல்லாம் சரியாக வைத்தேன். கையால் இரண்டு சுற்று சுற்றிச் சரிபார்த்தேன். அதில் குறை வைக்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் சத்தம் இல்லை. “புது வண்டி மாதிரி இருக்கு தம்பி” என்று சொல்லிப் பையனுக்கு டீக்காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் காசு கொடுத்தது சத்தம் நிற்பதற்கு. நான் சத்தத்தை நிறுத்திக் கொடுத்துவிட்டேன் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் போன் செய்தார். “சிக்னல்ல நிக்கும்போது ஆயில் லைட் லேசா மினுக்குது தம்பி.”

“சுவிட்ச் போயிருக்கும் அண்ணே. ஒண்ணுமில்ல, ஓட்டுங்க. வரும்போது மாத்திடலாம்.”

இந்தப் பதிலைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. ஆயில் விளக்கு, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை. அழுத்தம் மிகவும் கீழே இறங்கிய பிறகுதான் அது எரியும். ஐடிலிங்கில் மினுக்குகிறது என்றால் பம்புக்கு ஆயில் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் பிரஷர் கேஜை மாட்டினால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். கேஜ் என் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வந்தபோது நான் அதை எடுக்கவில்லை. புதுச் சுவிட்ச் மாட்டினேன். உடைந்த கைடு என் நினைவில் இருந்தது. கேஜ் என்ன சொல்லும் என்று பயந்துதான் எடுக்கவில்லை.

கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடுக்கில் ஆயில் படலம் இருக்கும் வரை உலோகமும் உலோகமும் தொடாது. படலம் அறுந்தால் பேரிங் நிமிடக் கணக்கில் போய்விடும். ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் அவர் வண்டி அடித்துக்கொண்டு நின்றது. சாப்பாடு பாதி வழியில். வேறு வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். என்னைத் தவிர வேறு யாரிடமும் போக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் போன பிறகு சேம்பரைக் கழற்றினேன். ஸ்டிரெய்னர் வலையில் கைடின் கறுப்புத் துண்டுகளும், சுருண்டுபோன என் சிலிக்கான் பேஸ்ட்டும். பாதி வலைக்கு மேல் அடைத்திருந்தது. பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “இதைக் கழுவி வை” என்று அவனிடம் கொடுத்தேன். பிறகு அவருக்குப் போன் செய்து, “ஆயில் குறைஞ்சிருந்துச்சு அண்ணே, நீங்க பாக்காம ஓட்டிட்டீங்க” என்று சொன்னேன்.

அவர் என்னோடு சண்டை போட்டிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். “என் தப்புதான் தம்பி, வேலை அவசரத்துல பாக்காம விட்டுட்டேன்” என்று சொன்னார். கிராங்க், பேரிங், கனெக்டிங் ராட், என் கூலி எல்லாவற்றையும் அவரே கொடுத்தார். நான் வாங்கி எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் பல நாள் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தது அந்தப் பையன். வேறொரு காரின் சேம்பரைக் கழற்றியபோது உள்ளே ஏதோ உடைசல் கிடந்தது. அது எங்களால் வந்ததே இல்லை. அவன் நேராக என்னைப் பார்த்து, “இதையும் கழுவி வெச்சிடட்டுமா அண்ணே?” என்று கேட்டான். கிண்டல் இல்லை. தொழிலில் இப்படித்தான் செய்வார்கள் என்று நம்பிக் கேட்டான். ஸ்பேனர் பிடிக்க நான் கற்றுக்கொடுத்த பையன். இதையும் நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அந்த வாகன் ஆர்க்காரர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கெட்டி ஆயில், பழைய கைடு, பில்லில் எழுதிய செட், சுவரில் இருந்த கேஜ், வலையில் இருந்த துண்டுகள். “அப்ப ஆயில் இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது என்றேன். இத்தனை நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்ததாகவும், வீட்டிலும் அந்தப் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். பிறகு என்னைத் திட்டினார். திட்டியதில் ஒரு சொல்லும் தப்பில்லை. பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்துவருகிறேன், வாங்கிக்கொள்கிறார். காரை வேறு பட்டறைக்கு எடுத்துப் போகிறார். அவர் செய்வது சரி.

பையனிடமும் நடந்ததைச் சொன்னேன். இப்போது செயின் வேலைக்கு வரும் எந்த வண்டியிலும் சேம்பரை இறக்கி, ஸ்டிரெய்னரை வாடிக்கையாளரிடம் காட்டுவது அவன் வேலை. முழு செட் போட முடியாது, செயின் மட்டும் போதும் என்று கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சில வேலைகள் கைவிட்டுப் போகின்றன. போகட்டும்.

செயின் சத்தத்தோடு பட்டறைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய செயின், டென்ஷனர், கைடு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, கைடு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு குறைந்தால், சேம்பரைக் கழற்றினீர்களா என்று கேளுங்கள். வேலை முடிந்த பிறகு ஆயில் விளக்கு ஒரு தடவை மினுக்கினாலும் இன்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள். சுவிட்ச்தான், ஓட்டுங்கள் என்று மெக்கானிக் சொன்னால் கேஜைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.