ஏம்ல லேட்டு?

அமெரிக்கக் காலேஜ் கூடைப்பந்து சிமுலேஷன் கேம் ஆடியிருக்கீங்களா? அதுல நீங்க பிளேயர் இல்ல, கோச். பந்து போடுறதைவிட ஆள் சேர்க்கிற வேலைதான் அதிகம். அங்கே முதல் பிரிவு ஆண்கள் அணிக்கு 2025 வரைக்கும் பல வருஷமா 13 ஸ்காலர்ஷிப்தான் இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு ஐந்து நட்சத்திரப் பையனைப் பிடிக்க சீசன் முழுக்க அலையணும்.

பிடிச்சாச்சு. பெரிய மேட்சுக்கு முந்தின நாள் மெசேஜ் வருது: கிளாஸ் கட் அடிச்சிட்டான். சஸ்பெண்ட் பண்ணா மேட்ச் போச்சு. விட்டா டீம் பேர் கெடும். பேர் கெட்டா அடுத்த வருஷம் நல்ல ஆள் வர மாட்டான். என்ன செய்வீங்க?

நம்ம ஊர்லயும் இதே கணக்குதான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. சேர்ந்த பிறகு அண்ணா பல்கலை விதிப்படி 75% வருகை வேணும்.

எங்க டீம் சென்டர் கல்லிடைக்குறிச்சியிலேருந்து பஸ்ல வர்றவன். முதல் பீரியட் அடிக்கடி போயிடும். பி.டி. சார் கூப்பிட்டு, "ஏம்ல லேட்டு?"ன்னார். அப்பாவுக்கு முடியல; காலையில கன்னடியன் கால்வாய்த் தண்ணியை வயலுக்குப் பாய்ச்சிட்டுத்தான் வர்றான்.

"ஒரு மேட்ச் வெளிய உக்காரு, மத்தவனும் பாக்கான்லா. சாயங்காலம் பிராக்டீஸ் அரை மணி போதும். போய்த் தண்ணி பாய்ச்சு, காலையில கிளாசுக்கு வா."

அந்த மேட்ச் தோத்தோம். ஆனா அடுத்த வருஷம் அவன் ஸ்கூல் ஜூனியர் ரெண்டு பேர் நம்ம காலேஜைத் தேடி வந்தாங்க.

கேம்ல 'கிளாஸ் கட்'னு மட்டும்தான் வரும். 'ஏன்'னு கேட்க பட்டன் கிடையாது. நாளைக்கு நீங்க கேப்டன் ஆனா, அதை முதல்ல கேளுங்க.