மதகடிக் கழனிக்கு எத்தனையாம் தரம்?

மகன் செல்போனில் காட்டிய படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் சுவர். நடுவில் கல் வாசல். அதற்குப் பின்னால் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக, சரிவில் ஏறிப் போகின்றன.

கூரம் ஏரிக்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த அப்பா, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு கழனி?"

"ஒருத்தரோடது இல்ல நைனா. பதினஞ்சு பேருக்கு மேல பங்கு இருக்கு."

"மொத்தம் எத்தினி?"

"எட்டு ஹெக்டேர்."

அவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். எட்டு ஹெக்டேர் என்றால் ஏக்கரில் இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. நூறு குழி ஒரு காணி, ஒரு காணி ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்கு மேல். காஞ்சிபுரம் பக்கம் பெரியவர்களுக்கு இன்னும் காணிக் கணக்குதான் கைவரும்.

"பதினஞ்சு காணி. இதுக்குத்தான் இம்மாம் பேச்சா?"

உலகத்தின் மிக உயர்ந்த வெள்ளை ஒயின் விளையும் நிலம் என்று பலரும் சொல்லும் இடம் அது. பெயர் மோன்ராஷே. பிரான்ஸில், பர்கண்டிப் பகுதியில், புலின்யி, ஷசாய்ன் என்ற இரண்டு கிராமங்கள் அதை ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கு போட்டிருக்கின்றன. மகன் வேலை பார்க்கும் உணவகம் அங்கிருந்து சில கிலோமீட்டரில், போன் என்ற ஊரில் இருக்கிறது. (ஊர்ப் பெயரே போனா என்று வீட்டில் எல்லாரும் சிரித்து முடித்தாகிவிட்டது.) சென்னையில் கேட்டரிங் படித்து, கப்பலில் தட்டு கழுவி, பிறகு பரிமாறுகிறவனாக ஆகி, அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அம்மா அக்கம்பக்கத்தில் "ஓட்டல்ல வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒயின் என்ற சொல் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

இந்த முறை மூன்று வாரம் விடுமுறை. வந்த காரியம் கையெழுத்து. குடும்பத்துக்கு இரண்டு துண்டு நிலம் இருக்கிறது. தார் ரோட்டை ஒட்டி மோட்டுக் கழனி, ஏரி மதகுக்குக் கீழே மதகடிக் கழனி. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் மடங்குவதில்லை. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. தங்கைக்குப் பங்கு கொடுக்க வேண்டும். மனை போடுகிறவர்களின் தரகர் வாரத்துக்கு ஒருமுறை பைக்கில் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். இரண்டையும் கொடுத்துவிடலாம் என்று மகன் அங்கிருந்தே முடிவு செய்து வந்திருந்தான்.

கையெழுத்துப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் அவன் திராட்சைத் தோட்டத்தைக் காட்டினான்.

"அந்த ஊர்ல நெலத்துக்குத் தரம் போட்டிருக்கான் நைனா. அதுக்குப் பேரு குரூ."

"குருன்னா வாத்தியாரா?"

"இல்ல, வெளைச்சல் மாதிரி ஒரு அர்த்தம். கிராண்ட் குரூன்னா முதல் தரம். அதுக்கு அடுத்தது பிரிமியே குரூ. அப்புறம் வெறும் ஊர்ப் பேரு. கடைசில பர்கண்டின்னு பொதுவா போட்டு வித்துடுவான்."

நான்கு படிக்கும் பழம் ஒன்றேதான், ஷார்டொனே. ஒரே குடும்பம் நான்கு படியிலும் நிலம் வைத்திருக்கலாம். அதே கை வெட்டி, அதே கை பறித்து, அதே ஓக் மரப் பீப்பாயில் ஊறவைக்கலாம். ஆனாலும் அடிவாரத்துச் சமவெளியில் விளைந்தது இருபது, முப்பது யூரோவுக்குக் கிடைக்கும். நடுச்சரிவில் அந்தச் சுவருக்குள் விளைந்தது பல நூறு யூரோ, பெயர் பெற்ற சிலருடையது ஆயிரங்களில். இரண்டுக்கும் நடுவே நடந்தால் சில நிமிஷம்.

மோன்ராஷேவுக்கு மேலே இருக்கும் நிலத்தின் பெயர் ஷெவாலியே, அதாவது குதிரை வீரன். அங்கே மண் மெலிந்து கல் அதிகம். கீழே இருக்கும் பியான்வென்யூ என்பதற்கு நல்வரவு என்று சொல்லலாம். லே ப்யூசெல் என்றால் கன்னிப் பெண்கள். இன்னொரு கிராண்ட் குரூவின் பெயரை, அம்மா டீ கொண்டுவந்த நேரமாகப் போனதால், அவன் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டான். இப்படிப் பெயரும் எல்லையும் உள்ள துண்டுகள் பர்கண்டியில் 1,247. 'கிளிமா' என்று சொல்வார்கள். 2015-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. புலின்யி கிராமம் அதற்கு ரொம்ப முன்பே, 1879-ல், தன் பெயரோடு கழனியின் பெயரைச் சேர்த்து புலின்யி-மோன்ராஷே ஆகிவிட்டது. ஷசாய்னும் அதே வருஷம் சேர்த்துக்கொண்டது.

"கழனிப் பேர ஊருக்கு வெச்சானா!" அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "சரி, நடுச்சரிவுதான் ஒசத்தின்னு எப்பிடிச் சொல்றான்?"

"சுண்ணாம்புக் கல்லு மண்ணு. காலை வெயில் நேரா விழும். மழை பேஞ்சா தண்ணி நிக்காது, வடிஞ்சிடும். கீழ சமவெளில களி ஜாஸ்தி, ஈரம் நின்னுடும். புலின்யில வீட்டுக்கு அடியில ஆழமா பாதாள அறைகூட வெட்ட முடியாது, தோண்டினா தண்ணி வந்துடும்."

"தோண்டினா தண்ணி வருது, அது மட்டமான எடமா! தண்ணி நிக்காதது ஒசத்தியா! இன்னா ஊருப்பா அது."

நெல்காரருக்கு இது தலைகீழ் உலகம். கூரத்தில் மதகுக்குப் பக்கத்தில், தண்ணீர் முதலில் வந்து கடைசியில் வடியும் களிமண் கழனிதான் ராஜா. ஏரி பாதி நிரம்பிய வருஷத்திலும் அது விளையும். மேட்டில் இருப்பது மழையை நம்பி நிற்கும். கொடிக்குத் தாகம் வேண்டும், நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் அப்பாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், மண்ணுக்கு மண் பேதம் உண்டு என்பதை அவருக்கு யாரும் பிரெஞ்சில் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உங்க ஆயா சோத்த மோந்து பாத்தே சொல்லிடும், இது மதகடி நெல்லு, இது மோட்டு நெல்லுன்னு."

ஆயாவின் மூக்கு அவ்வளவு கூர்மையா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் விருந்தாளிக்கு மதகடி அரிசி, கூலிக்கு அளக்க மோட்டு அரிசி என்று அந்த வீட்டில் இரண்டு குதிர் இருந்தது உண்மை.

விற்பனைக்காக மகன் இணையத்தில் எடுத்து வைத்திருந்த அ-பதிவேட்டு நகல் செல்போனில் இருந்தது. சர்வே எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, அதற்கு அப்புறம் 'மண் வயனமும் ரகமும்', அடுத்து 'தரம்'. வெள்ளைக்காரன் காலத்து நிலவரித் திட்டத்தில் மண்ணையும் பாசனத்தையும் பார்த்துப் போட்ட எண்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அன்றைக்குத்தான் அந்தக் கட்டத்தைப் படித்தான். நமக்கும் குரூ இருந்திருக்கிறது!

ஆனால் அந்த எண் எங்கே போய் நிற்கிறது? தீர்வைக் கணக்கில். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் கேள்வி இரண்டுதான். சன்ன ரகமா, பொது ரகமா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா? பிறகு நாற்பது கிலோ சாக்கு. எந்த மதகு, எந்த மண் என்று கேட்க அதில் கட்டமே இல்லை. ஊர்ப் பெயர்கூட லாரி ஏறும்போது உதிர்ந்துவிடும். அங்கே அரசாங்கம் போட்ட தரம் பாட்டில் மேல் ஒட்டப்படுகிறது. இங்கே அரசாங்கம் போட்ட தரம் அலமாரிக்குள் இருக்கிறது. பசிக்கு எல்லாருக்கும் அரிசி போய்ச் சேர வேண்டிய நாட்டில் சாக்குக்குச் சாக்கு பெயர் பார்க்க முடியாதுதான். அதற்காகக் கழனிக்குப் பெயரே இல்லாமல் போக வேண்டுமா?

தரகரிடம் மூன்றாவது தரப்பட்டியல் ஒன்று இருந்தது. அதில் மோட்டுக் கழனிதான் கிராண்ட் குரூ, ஏனென்றால் ரோடு பக்கம். மதகடிக்குப் பாதி விலை. "பள்ளம் சார், ரெண்டு லாரி மண்ணு கொட்டி ஒசத்தணும்" என்றார் அவர். எது நல்ல விளைச்சலோ அது மட்டமான மனை. மண் கொட்டி உயர்த்தியதும் இரண்டும் ஒன்று.

கூரத்துக்கு நிலக்கணக்கு புதிதில்லை. இந்த ஊர்ச் செப்பேட்டைத் தொல்லியல் படித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன், முதலாம் பரமேஸ்வரவர்மன் தந்தது. இங்கே கட்டிய சிவன் கோயிலுக்காக ஒரு கிராமத்தையே இருபத்தைந்து பங்காகப் பிரித்துக் கொடுத்தான். கோயில் பூசைக்கும் பராமரிப்புக்கும் மூன்று பங்கு, மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒன்று, அங்கே பாரதம் வாசிக்க ஒன்று, மீதி இருபது வேதம் படித்தவர்களுக்கு. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்று பெயரிட்ட கால்வாய், பரமேஸ்வர தடாகம் என்று ஓர் ஏரி. கால்வாய்க்குப் பெயர் இருக்கிறது, ஏரிக்குப் பெயர் இருக்கிறது. உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், ஏரியைக் கவனிக்க ஒரு வாரியமே இருந்தது. அதில் பெயர் எழுதிக் குடத்தில் போட, வரி கட்டும் கால் வேலி நிலமாவது வேண்டும்.

இதைக் கேட்டு "அப்போ விக்க வேணாம்" என்று மகன் துள்ளிவிடவில்லை. அவன் அந்த ஊரையும் உள்ளே இருந்து பார்த்திருக்கிறான். அங்கேயும் பாகப்பிரிவினை உண்டு. பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் மிச்சம். நில விலை ஏறிய வேகத்தில் வாரிசு வரி கட்ட முடியாமல் பெரிய பணக்காரர்களுக்கு விற்கும் குடும்பங்களும் உண்டு. 2016 ஏப்ரலில் உறைபனி விழுந்து மோன்ராஷேவே கருகியது. ஆளுக்குக் கொஞ்சம்தான் தேறியது. ஏழு பண்ணைக்காரர்கள் தங்கள் பழத்தை ஒன்றாகப் போட்டு ஒரே ஒயினாகச் செய்தார்கள். ஏழு பேரும் சேர்ந்ததை அப்பா நம்பவே இல்லை. "வரப்புத் தகராறு இல்லாத ஊரு போல" என்றார்.

"நீ குடிச்சிருக்கியா?" திடீரென்று கேட்டார். அம்மா அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது.

"ஒரே ஒரு வாட்டி. யாரோ பாட்டில்ல கொஞ்சம் விட்டுட்டுப் போனாங்க. ஒயின் பாக்கற பெரியவரு கூப்ட்டு ஒரு மொடக்கு குடுத்தாரு. வேலைக்காகத் தெரிஞ்சிக்கணும்னு."

"எப்பிடி இருந்திச்சி?"

அவன் யோசித்தான். தேன், வறுத்த பாதாம் என்றெல்லாம் உணவகத்தில் சொல்வதுண்டு. "மழை பேஞ்சி விட்ட உடனே பாறை மேல ஒரு வாசனை வரும்ல நைனா, அது. ரொம்ப நேரம் வாயிலயே இருந்திச்சி."

அப்பா தலையாட்டினார். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

அன்று இரவு தங்கையிடம் போனில் பேசினார்கள். மோட்டுக் கழனியைக் கொடுப்பது, அதில் அவள் பங்கு போக மீதி முழங்கால் வைத்தியத்துக்கு. மதகடி இருக்கும். உழ முடியாத வருஷம் வாரத்துக்கு விடலாம். மகனுக்கு இது லாபமா என்று கேட்டால் இல்லை. சென்னையில் அவன் பார்த்து வைத்திருந்த ஃபிளாட் இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது. அம்மா மட்டும், "ரோட்டுப் பக்கம் வித்துட்டு மதகுல போயி யாரு பாம்பு மிதிக்கிறது" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு; களை எடுக்க இறங்குவது அவர்தான்.

கிளம்புகிற நாள் பெட்டியில் ஐந்து கிலோ அரிசி ஏறியது. அம்மா பொட்டலம் கட்ட, மகன் அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினான்: கூரம். மதகடிக் கழனி. சீரகச் சம்பா.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "தரம் போடலியே?"

"பதிவேட்டுல நாலுன்னு இருக்கு நைனா."

"நாலா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. புலின்யியிலும் இந்தச் சண்டை உண்டு. லே ப்யூசெல், லெ கையரே இரண்டும் கிராண்ட் குரூ ஆகியிருக்க வேண்டியவை என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "அளக்க வந்தவன் சித்திரை வெயில்ல, ஏரி காஞ்சப்போ வந்து பாத்துட்டுப் போயிருப்பான். ஐப்பசில வந்து பாத்தானா? ஒண்ணுன்னு போடு."

மகன் ஒன்று என்று எழுதினான்.