ரமணாசிரமத்தில் ஒரு கப்பல்!

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றிப் பேசினால், டீக்கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். நியாயம்தானே? கடல் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும். ஆனாலும் அந்த ஊரில் நான் இருந்த இரண்டு நாளும் கப்பல், கப்பல், கப்பல்தான்! உபயம்: என் மச்சான்.

மச்சான் என்றால் என் சகதர்மிணியின் அண்ணன். கடல் ஆராய்ச்சிக் கப்பல் எந்தத் தேதியில் கிளம்ப வேண்டும், எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் மொள்ள வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் அவருக்கு உத்தியோகம். 'கடல் தண்ணி எடுக்கறதுக்கு ஒரு திட்டமா? மெரினாவில் இறங்கி ஒரு குடத்தை முக்கினா ஆச்சு!' என்று கல்யாணமான புதிதில் ஜோக் அடித்து, மாமனார் வீட்டில் ஒரு வேளை ரசம் மட்டும் சாப்பிட்டவன் நான். அதற்கப்புறம் வாயைத் திறப்பதில்லை.

"மாப்ளே, ரெண்டு நாள் திருவண்ணாமலைக்கு வர்றீங்களா? ஒரு கணக்கு உதைக்குது. ஆபீஸ்ல உட்கார்ந்தா தீராது" என்று அவரே கூப்பிட்டார். மனைவி உடனே அனுமதி கொடுத்துவிட்டாள். என் மேனேஜரிடம்தான் லீவுக்கு ரெண்டு முழப் பாட்டு.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை. காலையில் எழுந்து பார்த்தால் மச்சானைக் காணோம். ஆசிரம வாசலில், அந்தப் பெரிய இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கோடு போட்ட நோட்டு, கையில் ரப்பர் வைத்த பென்சில். உள்ளே ஓட்டுக் கூரை மேல் ஒரு மயில் நின்று அகவிக்கொண்டிருந்தது. குரங்கு ஒன்று யாரோ ஒரு வெள்ளைக்காரம்மாவின் வாழைப்பழத்தை உரிமையோடு வாங்கிக்கொண்டு போனது. கதர் வேட்டி கட்டிய ஒரு வெளிநாட்டு இளைஞர் மச்சானைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எதைத் தேடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் பயபக்தியாகக் கேட்டார்.

"ஆக்சிஜன்" என்றார் மச்சான், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்திருப்பார், பாவம்.

"இந்த ஊர்ல எல்லாரும் 'நான் யார்?'னு கேக்கறாங்க. எங்க கப்பல்ல 'நான் எங்கே?'ங்கறதுதான் கேள்வி. போன தடவை நின்ன அதே இடத்துல நிக்கலைன்னா எடுத்த தண்ணிக்கு மதிப்பே பாதிதான்" என்றார். "வாங்க, மலையைச் சுத்திக்கிட்டே பேசுவோம்."

பௌர்ணமி இல்லாத நாள். பதினாலு கிலோமீட்டர் பாதையும் எங்களுக்கே எழுதிவைத்த மாதிரி காலியாக இருந்தது. எம லிங்கம் தாண்டும்போது விஷயத்தை அவிழ்த்தார்.

வங்காள விரிகுடாவில் இருபத்தைந்து நாள் பயணம். ஐம்பது சொச்சம் ஸ்டேஷன். (ஸ்டேஷன் என்றால் கட்டடமோ, பிளாட்பாரமோ, சமோசா விற்கும் பையனோ கிடையாது. நடுக்கடலில் ஒரு புள்ளி. கப்பல் அங்கே போய் நிற்கும், அவ்வளவுதான்.) எல்லாம் முடிவான பிறகு, முந்தின பயணம் தள்ளிப்போனதால் இருபத்திரண்டு நாள்தான் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள், அதாவது எழுபத்திரண்டு மணி நேரம் போச்சு!

"இதுக்கா இவ்வளவு கவலை? ஒண்ணு விட்டு ஒண்ணு அடிச்சிடுங்க மச்சான்!" என்றேன். ஆபீஸில் பட்ஜெட்டை நாங்கள் அப்படித்தான் வெட்டுவோம்.

"ஸ்டேஷனை எடுத்தா தூரம் குறையுமா? நடுவுல ஒரு பஸ் ஸ்டாப்பைத் தூக்கினா ஊரு கிட்ட வந்துடுமா மாப்ளே?"

ரசம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் சொன்ன கணக்கு இது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் முப்பது கடல் மைல், அதாவது ஐம்பத்தைந்து கிலோமீட்டர். கப்பல் மணிக்குப் பத்து மைல் போனால் மூன்று மணி நேரம். போய் நின்றதும், வட்டமான இரும்புச் சட்டத்தில் இருபத்திநாலு நிஸ்கின் பாட்டிலைக் கட்டி, நடுவில் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவியோடு கேபிளில் இறக்குவார்கள். நிமிஷத்துக்கு அறுபது மீட்டர். மூவாயிரம் மீட்டர் ஆழம் என்றால் இறங்கவே ஐம்பது நிமிஷம். ஏறும்போது நின்று நின்று, ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு பாட்டிலை மூட வேண்டும். எல்லாம் சேர்த்து இன்னொரு மூன்று மணி நேரம்.

"அதோ பாருங்க" என்று மலையைக் காட்டினார். "எண்ணூறு மீட்டர் சொச்சம். விரிகுடாவோட சராசரி ஆழத்துல இந்த மாதிரி மூணு மலையை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சாலும் உச்சி வெளிய தெரியாது."

நான் அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் தீபம் ஏற்றும் இடம் எங்கோ தெரிந்தது. அங்கிருந்து ஒரு பாட்டிலைக் கட்டி இறக்கினால்... வேண்டாம், தலை சுற்றியது.

தண்ணீர் மேலே வந்ததும்தான் தமாஷ் என்றார். பச்சைத் தமிழ்க் குழாயடிச் சண்டைதான்! ஒரு பாட்டிலில் பத்து லிட்டர். ஆளுக்கு ஒரு குப்பியோடு விஞ்ஞானிகள் வரிசையில் நிற்பார்கள். வாயு அளக்கிறவர்தான் முதலில். பாட்டிலைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடுமே! அடுத்து ஆக்சிஜன். எடுத்த கையோடு மருந்து விட்டு ஆக்சிஜனைப் பிடித்துவைக்க வேண்டும். 1888-ல் விங்க்லர் கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் அதுதான். அப்புறம் கார்பன், அப்புறம் சத்துப் பொருள்கள். உப்பு கடைசி. உப்பு எங்கேயும் ஓடிப்போகாது! வரிசை குலையாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தருக்கு 'தண்ணி போலீஸ்' வேலையே உண்டாம்.

திட்டத்தில் இதெல்லாம் சுலபமான பகுதி. வலை வீசுகிறவருக்கு ராத்திரி வேண்டும். வெளிச்சம் அளக்கிறவருக்கு உச்சிவெயில் வேண்டும். இன்னொரு நாட்டின் கடலுக்குள், அதாவது அவர்கள் கரையிலிருந்து 200 கடல் மைலுக்குள் போய் ஆராய்ச்சி செய்வதென்றால், குறைந்தது ஆறு மாதம் முன்னாலேயே விவரம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கப்பலில் கட்டில் இத்தனைதான். இதற்கு மேல் புயலுக்கென்று இரண்டு நாள் ஒதுக்கி வைக்க வேண்டும்.

"இப்பத்தான் சாட்டிலைட் இருக்கே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது கடலோட தோலைத்தான் பார்க்கும். ஆர்கோன்னு தானா மிதக்கிற கருவிங்க உலகம் பூரா நாலாயிரம் வரைக்கும் இருக்கு. பத்து நாளைக்கு ஒரு தரம் ரெண்டாயிரம் மீட்டர் போயிட்டு வரும். ஆனா கடல் தண்ணியில ஏறக்குறைய பாதி அதுக்கும் கீழே இருக்கே? அதோட, அந்தக் கருவி சொல்றது சரியான்னு பார்க்கவே கப்பல்ல எடுத்த தண்ணிதான் உரைகல்."

வருண லிங்கத்துக்கு வந்தோம். வருணன் நம்ம டிபார்ட்மென்ட் என்று மச்சான் இரண்டு கற்பூரம் அதிகமாக ஏற்றினார். பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். அதில் ஒரு நீளக் கோடு. அதிலிருந்து மரக்கிளை மாதிரி வடக்கே ஒரு சின்னக் கோடு. கிளையில் ஆறு புள்ளிகள்.

"இந்தக் கிளையை வெட்டினா தீர்ந்தது. போக பதினெட்டு, வர பதினெட்டு, நின்னு எடுக்கப் பதினெட்டு. அம்பத்திநாலு மணி நேரம் அப்படியே மிச்சம்! மீதியை நடுவுல ஆறு ஸ்டேஷன் எடுத்துச் சரிக்கட்டிடலாம்."

"அப்புறம் என்ன?"

"கிளை பூரா ஒரு பொண்ணோட ஆராய்ச்சி. நாலு வருஷமா இந்தப் பயணத்துக்காகக் காத்திருக்குது. இதுல போகலைன்னா அதுக்குத் தீசிஸே இல்ல."

அப்புறம் ஆதி அண்ணாமலை வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அங்கே டீ குடித்த பிறகுதான் மனிதர் கொஞ்சம் தெளிந்தார். 1962 முதல் 65 வரை சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் நம் கடற்படையின் 'கிஸ்ட்னா' போன கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போர் காலத்துக் கப்பல் அது. துப்பாக்கி தூக்கிய கப்பல் தண்ணீர் மொண்டது! அது போன அதே வழியில் 2019-ல் 'சாகர்த்வனி'யை மறுபடி அனுப்பினார்கள். இதே சாகர்த்வனிதான் 1999-ல் மழைக்காலத்தை ஆராய வங்கக் கடலுக்குப் போனது. சென்னைக்கு நேர் கிழக்கே, 13 டிகிரி அட்சரேகையில் நின்றுகொண்டே அளந்தது. 'சாகர் கன்யா' வடக்கே பதினேழரை டிகிரியில் நின்றது.

"நாம எடுக்கற தண்ணி நமக்கு மட்டும் இல்ல மாப்ளே. இன்னும் பத்து வருஷம் கழிச்சு எவனோ வருவான். அதே இடத்துல நின்னு, அடித் தண்ணி ஒரு டிகிரியில நூத்துல ஒரு பங்கு சூடாயிருக்கான்னு பார்ப்பான். நான் இன்னிக்கு எடுக்காம விட்ட புள்ளியை அவனால பின்னால போய் எடுக்க முடியுமா?"

குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் எல்லாம் தாண்டி ஊருக்குள் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு இடத்தில் நின்று மலையைப் பார்த்தார். செடி முளைக்காத ஒரு தழும்பு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி, நகராமல் கொட்டித் தீர்த்ததே, அதற்கு மறுநாள் டிசம்பர் 1-ம் தேதி இந்த மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டோடு ஏழு பேரை மூடிவிட்டது. அதில் குழந்தைகளும் உண்டு.

"கங்கை, பிரம்மபுத்திராத் தண்ணியெல்லாம் விரிகுடாவுல மேலாப்புல மெல்லிசாப் பரவும். உப்புக் குறைஞ்ச தண்ணி, கனம் இல்ல, கீழே கலக்காது. மேலயே நின்னு சூடாகும். புயலுக்கு அதுதான் தீனி. எவ்வளவு கனத்துக்கு இருக்குன்னு இறங்கித்தான் பார்க்கணும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி ரமணாசிரமம். மறுபடி இலுப்பை மரத்தடி. மச்சான் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று, "அந்தப் பொண்ணுக்கு அடிவரைக்கும் தண்ணி எதுக்கு?" என்றார் தனக்குத்தானே. "ஆக்சிஜன் குறைஞ்ச அடுக்கு நூறு மீட்டர்ல ஆரம்பிச்சு சில நூறு மீட்டர்தானே? ஆயிரம் மீட்டரோட நிறுத்தினா ஒரு மணி நேரச் சொச்சத்துல வேலை முடிஞ்சது!"

பென்சில் பறந்தது. கிளையின் நுனியில் இரண்டு புள்ளியை எடுத்தால், போக வர எல்லாம் சேர்த்துப் பதினெட்டு. மீதி நாலையும் ஆயிரம் மீட்டரோடு நிறுத்தினால் ஏழு. நீளக் கோட்டின் நடுவில் ஏழு புள்ளியை எடுத்தால் இருபத்தொன்று. (கரையோரப் புள்ளிகளைத் தொடவில்லை. அங்கே நீரோட்டம் குறுகல், விட்டால் கண்ணில் சிக்காதாம்.) மொத்தம் நாற்பத்தாறு.

"இன்னும் இருபத்தாறு வேணுமே மச்சான்?"

அவர் நோட்டின் ஓரத்தில் 'புயல் - 2 நாள்' என்று எழுதியிருந்ததை வெகு நேரம் பார்த்தார். 2-ஐ அழித்து 1 என்று எழுதினார்.

"மீதி ரெண்டு மணி நேரம்?"

"தூக்கத்துல பிடிச்சுக்கறேன்."

போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "அம்மா, ஆறுல நாலு தர்றேன். ஆயிரம் மீட்டர் வரைக்கும்தான்... ஆமா... ரெண்டு போயிடும்மா... வடக்குக் கோடியில இருக்கறது ரெண்டும்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

கூரை மேல் மயில் அகவியது. அந்தப் பக்கத்தில் என்ன கேட்டிருப்பாளோ, மச்சான் முகத்தில் இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு.

"கப்பல்ல ஏதும்மா மயிலு? திருவண்ணாமலையில இருக்கேன். சரி, சொல்லு... நாலு ஸ்டேஷனுக்கும் சேர்த்து உனக்கு எத்தனை குப்பி வேணும்?"